பாம்பன் வீட்டில் லினக்ஸ்

அக்கா மகள் பழைய இரும்புக்குப் போட இருந்த மடிக்கணினி. 4 ஜிபி ரேம், உப்புக்காற்றில் துருவேறிய திருகுகள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், "இனி இது எதுக்கு மாமா?" என்றாள். பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, நிறுவாமலேயே முதலில் ஓட்டிக் காட்டினேன். வைஃபை, ஒலி எல்லாம் சரி. அப்புறம்தான் நிறுவினோம். தமிழ்99 விசைப்பலகையை வைத்துக் கொடுத்ததும் அவள் தட்டிய முதல் சொல், 'சீலா மீன்'!

அவளுடைய ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தான் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறாள். பழைய போன்கள் பலவற்றில் லினியேஜ் ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வகை இலவச இயங்குதளத்தைப் போடலாம். ஆனால் அதற்காக பூட்லோடரின் (போனைத் துவக்கும் நிரல்) பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், படங்களை முதலில் நகலெடுத்து வையுங்கள்.

மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பென்டிரைவோடு வருகிறேன்.