கடைசி ரேங்க்கும் களி துடுப்பும்

போன வாரம் மகளுக்கு செமஸ்டர் ரிசல்ட் வந்தது. பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம். அரியரே இல்லை என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடியபடி வந்தவளிடம், வகுப்பில் எத்தனையாவது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பாஸ் ஆனவர்கள் 38 பேர். இவள் 38-ஆவது.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ராமானுஜனை இழுப்பாள். அவரே, அந்தக் காலத்தில் பட்டப்படிப்புக்கு முன்னால் எழுத வேண்டிய எஃப்.ஏ. தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவர்தானே என்பாள். அவர் கோட்டை விட்டது மற்றப் பாடங்களில், நீ கணக்கிலேயே அல்லவா விடுகிறாய் என்று போன செமஸ்டரிலேயே அந்த வழியை அடைத்துவிட்டேன். அதனால் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் ஆரம்பித்து வைத்தார்: “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.”

“ஆயா, கேம்பிரிட்ஜா இருந்தா எனக்கு அகப்பையே குடுத்திருப்பாங்க” என்றாள்.

சமாளிக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் உண்மைதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முன்பெல்லாம் கணிதத் தேர்வு முடிவை முதலாவது யார், இரண்டாவது யார் என்று கடைசி ஆள் வரைக்கும் வரிசையாக அறிவிப்பார்கள். முதலில் வந்தவருக்கு ஊரெல்லாம் பேர். கடைசியில் வந்தவருக்குக் கூட்டாளிகள் ஒரு மரக்கரண்டி பரிசளிப்பார்கள். ஒரு காலத்தில் அவர் பட்டம் வாங்கத் துணைவேந்தர் முன்னால் மண்டி போடும்போது, மாடத்திலிருந்து கயிறு கட்டி அதைத் தலைக்கு மேலே இறக்குவார்களாம். பல்கலைக்கழகம் கண்டித்துப் பார்த்தும் வழக்கம் நிற்கவில்லை, விடுதிப் பையன்கள் எங்கேயும் விடுதிப் பையன்கள்தானே.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கரண்டி, ஹானர்ஸ் என்கிற சிறப்புப் பட்டத்தில் மூன்றாம் வகுப்பாவது வாங்கித் தேறியவர்களில் கடைசி ஆளுக்குத்தான். ஒரு படி கீழே விழுந்தால் ஹானர்ஸும் இல்லை, கரண்டியும் இல்லை. சும்மா படிக்காமல் இருந்தால் கிடைக்கிற பரிசு இல்லை அது, விளிம்பில் நிற்கத் தெரிய வேண்டும். மகள் இந்த இடத்தை மட்டும் மூன்று தடவை அழுத்திச் சொன்னாள்.

“அங்கே பிறந்திருந்தாலும் உனக்குக் கிடைத்திருக்காது, பெண்கள் தேர்வு எழுதலாம், ஆனால் பட்டம் 1948-இல்தான் கொடுத்தார்கள்” என்றேன். அதற்குக் கொஞ்சம் முறைத்தாள். சரி, அது முறைக்க வேண்டிய விஷயம்தான்.

கடைசிக் கரண்டி 1909-இல். வாங்கியவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஹோல்ட்ஹவுஸ், படகுக் குழுவில் துடுப்புப் போடுகிறவர். அதனால் கரண்டிக்குக் காம்பாகப் படகுத் துடுப்பையே வைத்து, பார்க்கிறவர்களே கண்ணீர் விடுங்கள் என்கிற மாதிரி கிரேக்கத்தில் எழுதியும் கொடுத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து வகுப்பு வாரியாக, அகர வரிசையில் முடிவைப் போட ஆரம்பித்ததால் கடைசி யார் என்றே தெரியாமல் போய்விட்டது. இந்த வரிசை முறையை ஒழிக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர்களில் அங்கிருந்த கணித மேதை ஹார்டியும் ஒருவர், அவரே 1898-இல் நாலாவதாக வந்தவர். 1914-இல் ராமானுஜனை அங்கே வரவழைத்த அதே ஹார்டி. எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-இல் அங்கே ஆராய்ச்சிக்காக பி.ஏ. கிடைத்தது. சுற்றிச் சுற்றி மகள் ராமானுஜனிடமே வந்துவிட்டாள், பாருங்கள்.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எத்தா நீளம் இருக்கும் அந்தக் கரண்டி?” என்றார்.

“ஒரு மீட்டருக்கு மேல.”

“படகுத் துடுப்புலயா செஞ்சாங்க?”

“ஆமாம்மா.”

“நம்ம கிட்டயும்தான் துடுப்பு இருக்குதே” என்று எழுந்து போய், பரணிலிருந்து கேழ்வரகுக் களி கிளறுகிற துடுப்பை எடுத்து வந்தார். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆன கைப்பிடி, நுனியில் மட்டும் கருப்பு. தர்மபுரிப் பக்கம் களி கிளறுகிற வீட்டில் எல்லாம் இருக்கிற சாமான்தான், படகுக்கும் களிக்கும் ஒரே பேர் என்பது இத்தனை வருடத்தில் எனக்கு உறைத்ததே இல்லை.

மகள் உடனே மண்டி போட்டு, தலை குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் போட்டோ எடுத்தேன்.

“வாங்கிட்டியா? உலை கொதிக்குது, வா” என்றார் அம்மா.

ராத்திரி களி அவள் கிளறியதுதான். கட்டி தட்டிப் போயிருந்தது. கீரைக் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டு சாப்பிட்டோம்.