செக்கிங் டேபிளிலிருந்து குரூப் 4 வரை

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதி, இன்று இளநிலை உதவியாளராக இருக்கிறேன். "வேலையை விட்டுட்டு முழுசா படிக்கட்டுமா அக்கா?" என்று கேட்கும் பிள்ளைகளிடம், வாரச் சம்பளத்தில் ஓடுகிற வீடென்றால் விடாதே என்றுதான் சொல்கிறேன். பரீட்சை மூன்று மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் காத்துக்கிடப்பதுதான் வருஷக் கணக்கு.

2019 செப்டம்பர் 1-க்குப் பிறகு அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24-ல்தான் நடந்தது. நடுவில் கொரோனா. கம்பெனி மூடியதும் சனிக்கிழமைச் சம்பளம் நின்றது, தோடு அடகுக்குப் போனது. அறிவிப்பு இதோ வரும், அதோ வரும் என்று நம்பி வேலையை விட்டிருந்த தோழி ஒருத்தி, வட்டி கட்ட முடியாமல் மறுபடி தையல் மெஷின்கள் ஓடும் பவர் டேபிளுக்கே வந்தாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள்.

காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் அதற்கும் மேல். செக்கிங் என்பது முழுக்கக் கண்ணுக்கு வேலை: ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், அளவு மாறிய லேபிள். நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்தால் எழுத்து அலைபாயும். அதனால் ராத்திரி படிக்கிற ஆசையை விட்டுவிட்டேன். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்தேன். சமைக்கும்போதும் பஸ்ஸிலும் என் குரலையே கேட்டேன். கம்பெனிக்குள் போன் கூடாது, அங்கே மனசுக்குள்தான் ஓட்ட வேண்டும். "ஏங்கண்ணு, வாய்க்குள்ள என்னத்த முனகிட்டே இருக்கற? பொத்தல் பீஸு போகுது பாரு" என்று பக்கத்து டேபிள் அக்கா அதட்டுவார். பிறகு அவரே, "அந்தக் குறளை இன்னொருக்கா சொல்லு" என்பார்.

தமிழைப் பிடித்துக்கொண்டதற்குக் கணக்கு உண்டு. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். 2022-லிருந்து தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவோ கடல். நேரமில்லாதவர்கள் கரை தெரிகிற இடத்தில் இறங்குவதே புத்திசாலித்தனம். திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் சதவீதக் கணக்கு எனக்குக் கைவந்தது. நூறு பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட் என்று தினமும் போடுகிற கணக்குதானே.

தேர்வன்று ஒன்பது மணிக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். விடைத்தாளில் விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று எண்ணி எழுத வேண்டியிருந்தது. பக்கத்துப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. எண்ணுவது என் தொழில், அங்கே மட்டும் நான் பதறவில்லை.

18 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு அது. முடிவு 2023 மார்ச் 24-ல் வந்தது. அந்த எட்டு மாதம்தான் ஆளைத் தின்றது. உத்தேச விடையை வைத்துப் போட்டுப் பார்ப்பது, கட்ஆஃப் எவ்வளவு என்று ஆளாளுக்கு அடித்துவிடுவது, "என்னாச்சு உன் பரீட்சை?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கையில் பணம் வந்தது. அதனால்தான் வீட்டில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். முதலில் 7,301 என்றிருந்த பணியிடங்கள் பின்னர் 10,117 ஆனதும் எனக்குக் கைகொடுத்தது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த எல்லாப் பள்ளிகளிலும் சான்று வாங்க வேண்டும். அப்பா பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர், என் தொடக்கப் பள்ளி உசிலம்பட்டிப் பக்கம். தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று பஸ் மாறிப் போனால், அங்கே பள்ளியின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்கள். தேர்வாணையம் கேட்கும் படிவத்தில் இருந்தால்தான் செல்லும். சம்பளம் வெட்டுப்பட்டு மறுபடி போனேன். போகும்போதே படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

கலந்தாய்வு சென்னையில், பிராட்வே பக்கம் உள்ள தேர்வாணைய அலுவலகத்தில். தரவரிசைப்படி கூப்பிடுவார்கள், திரையில் எந்தத் துறையில் எத்தனை இடம் மிச்சம் என்று தெரியும். நமக்கு முன்னால் இருப்பவர் ஒவ்வொருவரும் எழுந்து போக, நாம் குறித்து வைத்த இடங்கள் குறைந்துகொண்டே வரும். திருப்பூர் கிடைக்கவில்லை. பக்கத்து மாவட்டம் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தால் படிப்பு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, மே மாதமும் டிசம்பரிலும் வரும் துறைத் தேர்வுகள் என்று வரிசையாக இருக்கின்றன. "இன்னுமா கண்ணு பரீட்சை?" என்கிறார் மாமியார். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை, சனிக்கிழமைதோறும் வந்த சம்பளம் இப்போது மாசத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்பது.