இந்த முறை இறக்கம் முதலில்

மழை நின்று ஒன்பது நாளாகிறது. நேற்று போய்ப் பாதை மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தேன். ஷூ தடம் பதிகிறது, ஆனால் ஒட்டவில்லை. டயர் கவ்விப் பிடிக்க இதைவிட நல்ல மண் அமையாது. சில வாரத்தில் காய்ந்து புழுதியாகிவிடும். அப்புறம் வளைவில் சாய்த்தால் முன்சக்கரம் வழுக்கும். அதனால் அடுத்த மூன்று ஞாயிறும் மலைச் சைக்கிளுக்குத்தான்.

போன சீசனில் எல்லா ரைடிலும் ஒரே தப்பைச் செய்தேன். நல்ல இறக்கத்தைக் கடைசிக்கு வைத்தேன். ஏறிய களைப்புக்கெல்லாம் அதுதான் பரிசு என்ற நினைப்பு. கடைசி ரைடில், 31 கிலோமீட்டர் முடிந்தபிறகு, வேர்கள் குறுக்கே ஓடும் சரிவில் இறங்கினேன். முன்கை இரண்டும் கட்டையாக இறுகிப் போயிருந்தன. பிரேக்கைப் பிடித்த விரல் விடச் சொன்னால் விடவில்லை. ஈர வேர்மேல் ஏறும்போது முன் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். அரை நொடி தாமதம், தோள் தரையில். எலும்பு தப்பியது, முழங்கைத் தோல் தப்பவில்லை.

பிரேக் என்றதும் ரீபேக் ஞாபகம் வரும். கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் ஒரு மலைச்சாலை, மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறங்கும். 1976-ல் அங்கே பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற, சக்கர மையத்தில் இருக்கும் ஹப் பிரேக், கீழே வருவதற்குள் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதிதாக அடைக்கணும். ரீபேக் என்றால் மறுபடி அடைப்பது, பெயரே அதிலிருந்து வந்ததுதான். நமக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. கை மட்டும் பழைய கைதான்.

என் முதல் ஞாயிறு 'ஊசிவளைவு'. நாங்களே வைத்த பெயர். 18 கிலோமீட்டர் வட்டம்: ஒன்பது கிலோமீட்டர் மேடுபள்ளம், பிறகு 420 மீட்டர் ஏற்றம், பிறகு ஏழு கொண்டை ஊசி வளைவுகளோடு இறக்கம். வட்டத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, தொடங்கும் இடத்தை மாற்றினாலே போதும் என்று வரைபடத்தை மேசையில் விரித்துவைத்த பிறகுதான் உறைத்தது. ஏற்றத்தின் அடிவாரத்தில் ஆரம்பித்தால் இறக்கம் இரண்டாவதாக வரும், மேடுபள்ளம் கடைசிக்குப் போய்விடும். நண்பனிடம் சொன்னேன். "நல்லதை முதல்லயே தின்னுட்டா அப்புறம் என்னடா இருக்கு?" என்றான். விழுந்தது நான் என்பதை ஞாபகப்படுத்தினேன்.

நான் தூரத்தை வைத்து நேரம் கணக்குப் போடுவதில்லை. மண்பாதையில் ஒரு மணி நேரத்தில் என் கால் 350 மீட்டர் உயரம் ஏறும், அதற்குமேல் இல்லை. ஆகவே மேலே போக ஒன்றேகால் மணி நேரம், உச்சியில் கால் மணி ஓய்வு. மேலேயே சீட்டை முழுக்க இறக்கிவிட வேண்டும், முதல் வளைவில் போய் பட்டனைத் தேடக்கூடாது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்தால் சைக்கிள் தானே திரும்பும். நான்காவதில் மட்டும் இது பலிக்காது. உள்பக்கம் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது, வெளிவிளிம்பை ஒட்டிப் போகணும். அதில் இதுவரை நான் காலை ஊன்றாமல் போனதில்லை.

டயர் காற்று முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25. டியூப்லெஸ், 2.4 அங்குலம், என் எடைக்கு இது சரி.

இரண்டாவது ஞாயிறு 'வேர்க்காடு', நான் விழுந்த இடம். முழு 34 கிலோமீட்டரும் வேண்டாம். குறுக்குவழியில் நேரே சரிவுக்குப் போய், அதே பகுதியை மூன்று தடவை. ஒருமுறை நடந்தே பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவேன். நடுவில் மழை பெய்தால் ரத்து. சேற்றில் டயர் கீறிய பள்ளம் அப்படியே காய்ந்து இறுகிவிடும், அடுத்த மழையில் தண்ணீரெல்லாம் அதன் வழியாக ஓடிப் பாதையையே அரித்துவிடும்.

மூன்றாவது மலைமுகடு வழி. எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் என் திட்டத்துக்கு அடங்காதது. போன வழியே திரும்ப வேண்டும், இறக்கம் கடைசியில்தான். ஏறி வருகிறவர்களுக்கு நின்று வழிவிட வேண்டியிருக்கும் என்பதால் கைக்கு அங்கங்கே ஓய்வு கிடைக்கும் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். அதிகாலையிலேயே கிளம்பினால் அதுவும் கிடைக்காது. இன்னும் முடிவெடுக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பாக, பின்சக்கர பிரேக் பேடை மாற்றணும், ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. புது பேடை நேரே மலைக்குக் கொண்டுபோனால் பிடிக்காது. சமதளத்தில் வேகமெடுத்து, முழுசாக நிற்காமல் குறைத்து, இப்படி இருபது தடவையாவது பழக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.