வேனுக்கு அடியில் பட்டை லைட்: மூன்று முறை மண்ணில் படுத்த கதை

"ஒட்டுற வேலைதானுங்ணா, அரை மணி நேரம் போதும்" என்றார் கடைக்காரர். அந்த அரை மணி நேரம் எனக்குச் சித்திரையில் தொடங்கி ஆடியில் முடிந்தது. நடுவில் இரண்டு ரோல் லைட் குப்பைக்குப் போனது, ஒரு ராத்திரித் தூக்கம் போனது, மாமியார் முன்னால் மானமும் போனது. கேரவனோ, வீடாக மாற்றிய வேனோ வைத்திருந்து அடியில் எல்இடி பட்டை ஒட்டலாம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என்னுடையது பழைய டிராவலர் வேன். கரூர்ப் பக்கம் பாடி கட்டுகிறவர்களிடம் விட்டு, கட்டில், சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி எல்லாம் வைத்து வாங்கினேன். உள்ளே லைட்டுக்குக் குறையே இல்லை. வெளியேதான் இருட்டு. பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்குப் போனபோது வண்டியை ஒரு வெறுங்காட்டில் நிறுத்தியிருந்தோம், விடியக்காலம் வரிசைக்குக் கிளம்பும்போது அத்தை படி என்று நினைத்துக் காற்றில் கால் வைத்துவிட்டார். முட்டியில் நல்ல சிராய்ப்பு. "இத்தனை லட்சம் போட்டு வண்டி கட்டினீங்க, வாசல்ல ஒரு வெளக்கு வைக்கத் தோணலையா மாப்ளே" என்று கேட்டார். படிக்கு மட்டும் ஒரு சின்ன லைட் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் வண்டி முழுக்க அடியில் வெளிச்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் ஐந்து மீட்டர் ரோல் இரண்டு வாங்கினேன். 5050 சிப், மீட்டருக்கு 60 எல்இடி, பளிச்சென்ற வெள்ளை. "வாட்டர் ப்ரூஃபா?" என்றதற்கு, "தண்ணிக்குள்ள போட்டாலும் எரியுமுங்ணா" என்றார். வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஐபி 65, அதாவது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற நம்பர். மேல் பக்கம் மட்டும் ஜெல் பூசியது, தூறலுக்கும் லேசாகத் தண்ணீர் அடிப்பதற்கும் தாங்கும், குட்டையில் மூழ்கினால் தாங்காது. அந்த இரண்டு இலக்கத்தைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், 68 அதற்கும் மேலே. வாயால் சொல்கிற வாட்டர் ப்ரூஃபுக்கு எந்த நம்பரும் கிடையாது.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கத் தாளை உரித்து, பாடி விளிம்பில் ஒட்டி, ஒரு ரோலின் வாலில் இன்னொரு ரோலைச் சேர்த்து, வீட்டில் கிடந்த சன்னமான ஒயரில் பேட்டரிக்கு இழுத்துவிட்டேன். எரிந்தது. தொடங்குகிற இடத்தில் கண் கூசுகிற வெள்ளை, கடைசியில் அழுது வடிகிற வெளிச்சம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வாலில் ஒன்பதே சொச்சம் வோல்ட்டுதான் இருந்தது. பட்டையில் ஓடும் செம்பு காகிதம் மாதிரி மெல்லிசு, ஐந்து மீட்டருக்கு மேல் தொடர்ந்து போனாலே வோல்டேஜ் இறங்கிவிடும், அதோடு என் ஒயரும் சேர்ந்துகொண்டது. ரோலுக்கு ரோல் கோர்க்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுங்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தி வரவில்லை. எரிகிறதல்லவா, போதும் என்று ஆழியாறு பக்கம் சொந்தக்காரர் தென்னந்தோப்புக்குக் கிளம்பிவிட்டோம்.

பொழுதோடு கோடை மழை அடித்து ஓய்ந்தது. ஏழு மணிக்கு லைட்டைப் போட்டேன். தோப்பே வெளிச்சமாகி, பசங்களுக்கு ஒரே குஷி. கால் மணி நேரத்தில் ஈசல் வந்தது. வந்தது என்றால் ஒன்றிரண்டு இல்லை, அந்தத் தோப்பில் இருந்த அத்தனை புற்றும் எங்கள் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது போல. சாம்பாரில் ஈசல், படுக்கையில் ஈசல், அத்தையின் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் ஈசல். நீலம் கலந்த அந்த வெள்ளை வெளிச்சம்தான் பூச்சியை இழுக்கும். மஞ்சள் பக்கம் போகப் போகப் பூச்சி குறையும். இதைத் தோப்புக்காரர் எனக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சொன்னார்.

கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம். லைட்டை அணைக்கவில்லை, தோப்பில் பாம்பு இருக்கும் என்ற பயம். விடியற்காலை நாலேகாலுக்கு ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜும் நின்றது, பேட்டரி தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். இந்த ரகம் மீட்டருக்கு 14.4 வாட், பத்து மீட்டருக்கு 144 வாட், அதாவது 12 ஆம்பியர். ஒயரில் இழந்தது போக என் மீட்டரில் காட்டியது ஒன்பது. ஒன்பது மணி நேரம் ஒன்பது ஆம்பியர் இழுத்தால் 81, பேட்டரியின் நூறில் மீதியை ஃபேனும் ஃப்ரிட்ஜும் சாப்பிட்டுவிட்டன. "ஏனுங்க, இந்தக் கணக்க நேத்தே போட்டிருக்கலாமில்லீங்க?" என்றாள் வீட்டுக்காரி, கொசுவை அடித்துக்கொண்டே.

திரும்பி வரும்போது அவினாசி தாண்டி பைபாஸில் ஒரு பைக்காரப் பையன் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "அண்ணா, வால் தொங்குதுங்ணா!" என்று கத்தினான். இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கப் பட்டை முழுசாகப் பிரிந்து, மூன்று மீட்டர் நீளத்துக்குத் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. ஒட்டும் டேப்பின் மேல் பழி போடத் தோன்றியது, ஆனால் வண்டிக்கு அடியில் இருப்பது துரு வராமல் அடிக்கிற கறுப்புக் கோட்டிங், அதன் மேல் எண்ணெய், அதன் மேல் புழுதி. டேப் புழுதியில்தான் ஒட்டியிருந்தது, வண்டியில் இல்லை.

சரி, இரண்டாவது முறை கொஞ்சம் படித்துவிட்டு இறங்கினேன். இந்தத் தடவை முழுசாக சிலிக்கான் குழாய்க்குள் இருக்கிற ஐபி 67. ஈசல் கதை மறக்காமல் மஞ்சள் வெளிச்சம். பக்கத்துக்கு ஒன்றாகத் தனி ஒயர். டேப்பை நம்பாமல் கிளிப் வைத்து ஸ்க்ரூ. அளவுக்கு வெட்டிய முனைகளை ஹார்டுவேர் கடை சிலிக்கான் வைத்து அடைத்தேன், புளித்த காடி மாதிரி ஒரு நெடி அடித்தது. அந்த நெடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் ஜோராக எரிந்தது. அப்புறம் இடது பக்கம் மினுக்க ஆரம்பித்தது, ஒரு நாள் பாதி பட்டை செத்தது. முனையைப் பிரித்துப் பார்த்தால், சால்டர் வைத்த செம்பு மேலெல்லாம் பச்சைக் களிம்பு, கோயில் குத்துவிளக்கைக் கழுவாமல் விட்ட மாதிரி. காடி நெடி அடிக்கிற சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது செம்பைத் தின்னும். நெடி இல்லாத, நியூட்ரல் என்று டியூபிலேயே எழுதியிருக்கிற ரகம்தான் மின் வேலைக்கு. விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

வலது பக்கம் வேறு மாதிரி போனது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டிருந்தேன், அந்தத் தம்பி ரொம்ப அக்கறையாக அடியெல்லாம் பிரஷர் கன்னில் அடித்திருக்கிறான். முனை மூடி தெறித்து, குழாய்க்குள் தண்ணீர் போய், உள்ளே மீன்தொட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. 67 என்பது நின்ற தண்ணீரில் மூழ்கினால் தாங்குவதற்கு. பிரஷர் கன் அடிக்குத் தனி நம்பர், 69. அவனைத் திட்ட முடியாது. "அடியில லைட் இருக்குதுன்னு நீங்க சொல்லலீங்களேண்ணா" என்றான், உண்மைதான்.

இதெல்லாம் போக இன்னொன்று. சாவி போட்டு இன்ஜின் ஓடும்போது பட்டையைத் தொட்டால் கை சுட்டது. 12 வோல்ட் லைட், 12 வோல்ட் பேட்டரி, பிறகென்ன என்று இருந்தேன். ஆனால் இந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். பட்டையை மூன்று எல்இடிக்கு ஒரு துண்டாகத்தான் வெட்ட முடியும் அல்லவா, அந்தத் துண்டுக்குள் மூன்று எல்இடியும், கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும். எல்இடி மூன்றும் சேர்ந்து ஒன்பதரை வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ரெசிஸ்டருக்கு. 12 வந்தால் மிச்சம் இரண்டரை. 14.4 வந்தால் மிச்சம் ஐந்துக்குப் பக்கம். அதாவது வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. சுடாமல் என்ன செய்யும்?

வண்டி ஓடும்போது ஏன் லைட் எரிந்தது என்று கேட்பீர்கள். அணைக்க மறந்துதான். பாலக்காடு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வழியில் ஒரு சோதனையில் நிறுத்தி, "இது என்ன அலங்காரம்?" என்றார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-வில், அனுமதி இல்லாமல் மாட்டியதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. நான் எரியாத பாதிப் பட்டையைக் காட்டி, "இது கெட்டுப்போச்சுங்க சார், கழட்டத்தான் போறேன்" என்றேன். அங்கேயே ஒயரைப் பிடுங்க வைத்து அனுப்பினார்கள். முகூர்த்தம் முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். லைட் கெட்டுப்போனதால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

மூன்றாவது தடவை நானாகச் செய்யவில்லை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிற ஒரு அண்ணனிடம் போனேன். இந்தியா முழுக்க போர்வெல் போடுகிற வண்டிகள் அந்த ஊரிலிருந்து போகின்றன, சேற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில்தான் அவற்றின் பிழைப்பு. என் வண்டிக்கு அடியில் பலகையைப் போட்டுப் படுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி, லைட்ட ஏன் ரோட்டப் பாத்து மாட்டல, ஊரப் பாத்து மாட்டியிருக்க?" என்று கேட்டார். அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம். நான் பாடியின் வெளி விளிம்பில் மாட்டியிருந்தேன், அதனால்தான் கண் கூசியது, கல்லும் சேறும் நேராக அடித்தது, போலீஸ் கண்ணிலும் பட்டது.

அவர் செய்த விதம் இது. விளிம்புக்கு நாலு விரல் உள்ளே அலுமினிய எல் ஆங்கிளை ரிவெட் அடித்து, அதன் உள் மடிப்பில் தரையைப் பார்த்த மாதிரி பட்டை. வெளியிலிருந்து பட்டையே தெரியாது, தரையில் விழும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். துளை போடும் முன்னால் டீசல் டேங்க், பிரேக் பைப் எங்கே போகிறது என்று சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டார். இதை நான் இரண்டு தடவையும் செய்யவில்லை, இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ஜாயின்ட் எல்லாம் உள்ளே பசை தடவிய, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் முன்னால் ஒயரை ஒரு வளையம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். "தண்ணி ஒயர்லயே நடந்து வரும் தம்பி, வளைவுல சொட்டி விழுந்துரும், மேல ஏறாது."

பட்டையும் மாறியது. 2835 சிப், மீட்டருக்கு 4.8 வாட். பத்து மீட்டருக்கு நாலு ஆம்பியர், டிம்மரைக் குறைத்து வைத்தால் ஒன்றரைக்குள் வருகிறது, அதுவே தாராளம். நடுவில் ஒரு ரெகுலேட்டர், பேட்டரி 14.4 காட்டினாலும் பட்டைக்கு 12-தான் போகும். அப்புறம் ஐந்து கால் ரிலே ஒன்று, கரண்ட் வந்தால் தானே மாறுகிற சுவிட்ச். சாவி போட்டால் ரிலே இழுக்கும், இழுத்ததும் தொடர்பு விட்டுப்போகிற 87ஏ என்ற காலில் இருக்கிற லைட் தானாக அணைந்துவிடும். மறதிக்கு அதுதான் மருந்து. சட்டத்துக்கு இது முழு மருந்து இல்லை, மாட்டியிருப்பதையே தப்பு என்று சொல்ல இடமிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே மாட்டுங்கள். நீலம், சிவப்பு, மினுக்குகிற ரகம் எதுவும் வேண்டாம். மச்சான் ரிமோட்டில் கலர் மாறுகிறது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான், அதை அவன் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒட்டச் சொல்லிவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போனோம். ராத்திரி எட்டு மணிக்கு லைட்டைப் போட்டேன், படிக்குக் கீழே கூழாங்கல் வரை தெரிந்தது, பூச்சி ஒன்றிரண்டுதான். அத்தை இறங்கினார், நின்று பார்த்தார், "இதுக்கா மாப்ளே நாலு மாசம்?" என்றார். பதில் சொல்லவில்லை.

போன வாரம் கழுவும்போது குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு, சரியாக மூன்று எல்இடி, எரியவில்லை. கல் அடித்திருக்கும். மற்றதெல்லாம் எரிகிறது, அந்த மூன்றுக்காக மறுபடி மண்ணில் படுக்க மாட்டேன்.