புகையாத பைப்பும் பன்னிரண்டு உருண்டை நூலும்

கடந்த ஜனவரியில், நான் வசிக்கும் யார்க்ஷயர் சிற்றூரின் சாரிட்டி கடை ஒன்றில், ஓர் உடுப்பை எப்படிப் பின்னுவது என்று சொல்லும் பழைய பேட்டர்ன் தாள்கள் பன்னிரண்டு கொண்ட ஒரு கட்டை ஒரு பவுண்டு கொடுத்து வாங்கினேன். அவற்றைப் பின்னிப் பார்க்கும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. அட்டைப் படங்களைப் பார்த்து அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அதன் பிறகு வெறுங்கையோடு வெளியே வருவது மரியாதையாகத் தோன்றவில்லை.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் எவரும் நம்மைப் பார்ப்பதில்லை. ஒரு தாளில், ஒரே மாதிரியான கார்டிகன் அணிந்த இரண்டு ஆண்கள் தோளோடு தோள் உரச நின்றுகொண்டு, பாகப்பிரிவினை முடித்த அண்ணன் தம்பியைப் போல ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள். இன்னொன்றில், கம்பளி நூலில் பின்னிய நீச்சல் உடையோடு கடற்கரையில் நிற்பவரின் தலைமயிரில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. கம்பளி உடை தண்ணீரில் நனைந்தால் பாரம் தாங்காமல் முழங்காலை நோக்கி இறங்கிவிடும் என்பதால், அவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதன் நியாயம் புரிகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் ஒரே ஆரஞ்சு நிறப் போஞ்சோவில் வரிசையாக நிற்கும் படமும் உண்டு. ஒரே தானில் துணி எடுத்துத் தீபாவளிக்குத் தைத்துப் போட்ட குடும்பங்களை அறிந்த நமக்கு அதில் பெரிய அதிசயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்கள் பலர் கையில் புகைபிடிக்கும் பைப் ஒன்று இருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்தும் புகை வருவதில்லை.

தாள்களில் ஆண்டு அச்சிடப்படவில்லை. இருந்தாலும் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரி 15 அன்று என்பதால், விலை பழைய பென்னிக் கணக்கில் இருப்பவற்றை அதற்கு முந்தையவை என்று கொள்ளலாம். 1920 இல் இரண்டு ஆலைகள் இணைந்து உருவான பேட்டன்ஸ் அண்ட் பால்ட்வின்ஸ், யார்க்ஷயரின் சர்தார் போன்ற நூல் கம்பெனிகளே இவற்றை வெளியிட்டன. தாள் சில பென்னிகளுக்குத்தான் விற்கும். உண்மையான வியாபாரம் அதைப் பார்த்து வாங்கப்படும் நூலில் இருந்தது. 1973 இல் ஜேம்ஸ் பாண்டாகத் திரையில் தோன்றிய ரோஜர் மூர்கூட, 1950களின் தொடக்கத்தில் இத்தகைய அட்டைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நின்றவர்தான். ‘பிக் நிட்’ என்று அதற்காக அவருக்குக் கேலிப் பெயரும் உண்டு.

அந்தப் பைப்காரர்களில் ஒருவர் அணிந்திருந்த ஷால் காலர் வைத்த கார்டிகனையே நான் பின்னத் தேர்ந்தெடுத்தேன். 20 அவுன்ஸ் டபுள் நிட்டிங் என்னும் நடுத்தரத் தடிமன் நூல், 8 ஆம் எண் ஊசி, ஒரு அங்குலத்துக்கு 5½ கண்ணி, அதாவது நூல் வளையம், என்று தாள் சொன்னது. 20 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 567 கிராம், எனவே 50 கிராம் உருண்டைகள் பன்னிரண்டு வாங்கினேன். ஊசி விஷயத்தில்தான் சறுக்கினேன். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பின்னக் கற்றவள் ஆகையால், 8 என்றதும் பெட்டியிலிருந்து 5 மில்லிமீட்டர் ஊசியை எடுத்துவிட்டேன். பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அதில் 8 என்பது 4 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று முன்கூட்டியே ஒரு சிறு துண்டு பின்னி அளப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டென்ஷன்’. அதைப் பார்க்காமல் தொடங்காதீர்கள் என்று தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தும் நான் பார்க்கவில்லை. விளைவாக, நம் ஊர் அர்த்தத்தில் அது பின்னால் வந்து சேர்ந்தது. 110 கண்ணிகள் கொண்ட முதுகுப் பகுதி 20 அங்குலம் வரவேண்டியதற்குப் பதிலாக 22 அங்குலம் வந்தது. மூன்று வாரத்து வேலையை ஒரே மாலையில் பிரித்துச் சுற்றினேன்.

இரண்டாம் முறை தவறு நேரவில்லை. முன்பக்கத்தில் இருபுறமும் சடைபோல முறுக்கி ஏறும் கேபிள் பின்னல்தான் இந்த உடுப்பின் அழகு. மூன்று கண்ணிகளைச் சிறு ஊசியில் ஏற்றி முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிய பிறகு அவற்றைப் பின்ன வேண்டும். ஆறு வரிசைக்கு ஒருமுறை இதைச் செய்தால் முறுக்கு விழும். ஏப்ரல் இறுதியில் பொத்தான் தைத்து முடித்தேன்.

வேடிக்கைக்காக, அந்த அட்டைப் படத்தைப் போலவே என் கணவரை நிறுத்திப் படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். அவர் இயல்பாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அதில் கேபிள் முழுவதும் மறைந்துபோனது. கையைத் தொங்கவிடச் சொன்னால் காவல் நிலையத்தில் அடையாள அணிவகுப்புக்கு வந்தவர் போல இருந்தார். பையில் கை விட்டால் உடுப்பே கீழே இழுபட்டது. கடைசியில் ஒரு காப்பிக் கோப்பையைக் கொடுத்து மோவாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். முழங்கை விலகியது, கேபிள் அடி முதல் நுனி வரை தெரிந்தது, கைக்கும் ஒரு வேலை கிடைத்தது. புகையாத பைப்பின் உத்தியோகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பார்வை விஷயமும் அப்படித்தான். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்த படத்தை என் தங்கைக்கு அனுப்பியபோது, “அத்தான் இளைச்சிட்டாரா அக்கா?” என்றுதான் கேட்டாள். நான்கு மாத உழைப்பு அவள் கண்ணில் படவே இல்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்த படத்தை அனுப்பினேன். “காலரை எப்படித் திருப்பினே?” என்று உடனே பதில் வந்தது. தாளில் இருந்த இரண்டு சகோதரர்களின் மனஸ்தாபத்துக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், அது நூல் வியாபாரத்துக்கு உதவியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இடுப்பில் சற்றுத் தொளதொளப்பு இருந்ததால், முதுகுப்புறத்தில் துணி காயப்போடும் ஏழு கிளிப்புகளை வரிசையாக மாட்டி இழுத்துப் பிடித்தேன். முன்னாலிருந்து பார்த்தால் அச்சு அசல் அட்டைப் படம்தான். “எதைப் பார்க்கிறதுன்னு சொல்லு” என்றார் கணவர். தூரத்தில் கப்பல் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோப்பையை உயர்த்தி, புருவத்தை லேசாகச் சுருக்கி, தெருவைப் பார்த்தார். நான் க்ளிக் செய்த அதே நொடியில், “ஐயோ, குப்பை வண்டி! தொட்டியை வெளியே வைக்க மறந்துட்டேன்” என்று கோப்பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். தொட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் தெருவைக் கடந்தபோது, எதிர்வீட்டுப் பாட்டி முதலில் கார்டிகனைப் பார்த்துத் தலையசைத்தார். கணவர் திரும்பியதும் அவர் முதுகில் இருந்த ஏழு கிளிப்புகளையும் எண்ணிப் பார்த்தார்.