மலையேறும் பழைய கார்: எங்கே நின்று எதைப் பார்ப்பது

செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிற ஆஸ்டினும் மாரிஸும் கல்யாணத்துக்கு வெளியே வரும், ரெண்டு தெரு சுற்றும், திரும்பப் போய் நின்றுகொள்ளும். நம்ம ஊர் சமதரை. இங்கே ஓடுவதை வைத்து ஒரு வண்டி நல்லா இருக்குன்னு சொல்லிவிட முடியாது. பத்து நிமிஷம் ஏற்றத்தில் இழுக்க விட்டால் உள்ளே உள்ளதெல்லாம் வெளியே வரும்.

இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905 முதல் மலையேற்றப் போட்டி நடக்கிறது. பாதை வெறும் 1000 கெஜம்தான். ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். நம் பக்கம் பழைய கார்கள் மலையேறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போய், திண்டுக்கல்லுக்கு முன்னால் பிரியும் சிறுமலைப் பாதைதான் வசதி. மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். பொதுச்சாலை என்பதால் இங்கே நேரக்கணக்கு பேசவே கூடாது; நிற்காமல் ஏறி, ஒழுங்காக இறங்கினால் போதும்.

முதல் வளைவில் நிற்காதீர்கள், எல்லா வண்டியும் அங்கே ஜோராகத்தான் வரும். எட்டாவது, ஒன்பதாவது வளைவுக்குப் போங்கள். அதற்குள் இன்ஜின் சூடேறியிருக்கும். வளைவின் உட்பக்கம், சாலைக்கு மேலே உள்ள மேட்டில் நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் மட்டும் நிற்கவே கூடாது. கம்பியால் இழுக்கும் பழைய ட்ரம் பிரேக் பலவும் முன்னோக்கி ஓடும்போது பிடிக்கிற அளவு பின்னோக்கி உருளும்போது பிடிக்காது.

இனி காதுக்கு வேலை. சிங்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸில் கியரைக் குறைக்க கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ் கியர் போட வேண்டும். இதெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வளைவுக்குள் போய் ‘கர்ர்’ என்று பல் உரசுகிற சத்தம் கேட்டால் அந்த வண்டி அநேகமாக நிற்கப்போகிறது. நல்ல குழுவில் பக்கத்து சீட்டுக்காரர் மடியிலேயே ஆப்புக்கட்டையை வைத்திருப்பார். வண்டி நின்றதும் குதித்து, பின் டயருக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டுக் கை காட்டுவார். அதுவரை ஓட்டுபவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார்.

ஏறும்போது இன்ஜினில் ‘கண கண’ என்று தட்டினால் ஸ்டீயரிங்கில் உள்ள டைமிங் லீவரால், தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ள வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை!

பெட்ரோல் விஷயம் இன்னும் வேடிக்கை. ஃபோர்டு மாடல் டி-யில் பம்ப் கிடையாது, சீட்டுக்கு அடியில் உள்ள டேங்கிலிருந்து தானாக வழிந்துதான் வரும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து ஏற்றம் செங்குத்தானால் கார்புரேட்டருக்கு எட்டாது. அதனால்தான் அந்தக் காலத்தில் ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள். ஆட்டோவாக், அதாவது இன்ஜினின் உறிஞ்சலால் பெட்ரோலை மேலே உள்ள சின்ன டேங்குக்கு இழுக்கும் கருவி, பொருத்திய வண்டிகளில் வேறு சிக்கல்: ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தே வைத்திருந்தால் உறிஞ்சும் வேகம் குறைந்து மேல் டேங்க் காலியாகிவிடும். அவ்வப்போது காலைத் தூக்கினால் நிரம்பிக்கொள்ளும். ஏற்றத்தின் நடுவில் ஒரு கணம் சத்தம் தணிந்து திரும்ப ஏறினால், ஓட்டுபவர் விஷயம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். ஷெல்லாக் பூசிய கார்க் மிதவை இருந்தால் பூச்சு கரைந்து பிசுபிசுக்கும், பழைய ரப்பர் குழாயும் ஊறிப்போகும். இரண்டையும் கிளம்பும் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

ஆஸ்டின் செவன் போன்றவற்றில் பெரும்பாலும் தண்ணீர் பம்பும் இல்லை. சூடான நீர் மேலேறி, ஆறியது கீழிறங்கித் தானே சுழலும். மேல் குழாய் மட்டத்துக்குக் கீழே நீர் குறைந்தால் சுழற்சி அதோடு நின்றது. ஆவி வந்தால் மூடியைத் திறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. இன்ஜின் பிளாக் விரிசல் விடும். இன்ஜின் அரைமணி நேரமாவது ஆறட்டும். பிறகு ஈரச்சாக்கை மூடிமேல் போட்டு மெல்லத் திறந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

கூட்டம் பெரும்பாலும் உச்சியோடு கலைந்துவிடும். இறக்கத்தையும் நின்று பாருங்கள். எந்த கியரில் ஏறினார்களோ அதிலேயே இறங்க வேண்டும். டாப் கியரில் பிரேக்கை மிதித்தபடியே வருகிற வண்டியில் நாலாவது வளைவுக்குள் கருகல் வாடை வந்துவிடும். அப்படி வந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறவிடச் சொல்லுங்கள். ட்ரம்மில் தண்ணீர் ஊற்ற யாராவது பாட்டிலோடு ஓடி வந்தால் தடுங்கள், சூட்டில் உள்ள ட்ரம் விரிசல் விட்டுவிடும்.