ஆள் கணக்கும் கரண்ட் கணக்கும்

கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் கணக்குப் பார்த்த காலத்தில், கரண்ட் பில் வந்தால் நான் பார்ப்பது மூன்றே மூன்று: எத்தனை யூனிட் ஓடியது, மேக்ஸிமம் டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவு) எவ்வளவு தொட்டது, பவர் ஃபேக்டர் (இழுத்த கரண்டில் உருப்படியாகப் பயன்பட்ட விகிதம்) குறைந்ததற்கு அபராதம் உண்டா. ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மின்வாரியம் ஒருநாளும் கேட்டதில்லை. அது பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்க்கிறவர்களின் தலைவலி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம், உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஆலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் கரண்ட் கணக்கும் ஆள் கணக்கும் ஒரே ஃபைலில் இருப்பதைப் பார்த்தேன்.

ஃபைலின் பெயர் 'ரீசார்ஜ் நியூயார்க்'. தொழில்களுக்குச் சலுகை விலையில் மின்சாரம் தர, நியூயார்க் பவர் அத்தாரிட்டி என்ற மாநில அரசு நிறுவனம் நடத்தும் திட்டம் அது. 2011இல் சட்டமாகி, 2012 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 910 மெகாவாட். அதில் பாதி, அதாவது 455 மெகாவாட், நயாகராவிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் உள்ள நீர்மின் நிலையங்களிலிருந்து வருவது. மீதிப் பாதியை அத்தாரிட்டி சந்தையில் வாங்கித் தரும். ஒரு நிறுவனத்துக்கு இத்தனை கிலோவாட் என்று ஏழு ஆண்டு வரை ஒதுக்குவார்கள். பதிலுக்கு நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டியது, இந்த இடத்தில் இத்தனை வேலைகளை வைத்திருப்போம், இவ்வளவு முதலீடு போடுவோம் என்பது. வேலை எண்ணிக்கை எழுதிக் கொடுத்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால், ஒதுக்கீட்டை விகிதப்படி குறைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இதை ஒருமுறை கோவையில் என் பழைய மேனேஜரிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அப்படின்னா ஆளைக் குறைச்சா வந்து ஃபியூஸைப் புடுங்கிருவாங்களா கண்ணு?" "இல்லீங்ணா, கரண்ட் வரும். சலுகைதான் குறையும்" என்றேன். "சரி, அப்ப பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார். அவர் பார்த்த மின்வெட்டுகளுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பயமா?

ஆனால் எங்கள் ஆலைக்கு அது பயம்தான். வேக்குவம் ஃபர்னஸ்கள், அதாவது வெற்றிட உலைகள், மின்சாரத்தைக் குடிக்கிற சாதனங்கள். சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட். பில்லிலும் கரண்டுக்கு ஒரு பகுதி, அதைக் கம்பி வழியே கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒரு பகுதி என்று இரண்டு இருக்கும். சலுகை முதல் பகுதிக்குத்தான். கம்பிக்காரருக்கு வழக்கம்போல் கட்டியாக வேண்டும். அப்படியும் ஆண்டுக் கடைசியில் லாபத்தையும் நஷ்டத்தையும் பிரிக்கிற அளவுக்கு அந்தச் சலுகை இருந்தது.

என் வேலை ஆண்டுதோறும் போகும் அறிக்கையைத் தயார் செய்வது. இதில் 'வேலை' என்றால் என்ன என்பதிலேயே பாதி நாள் போய்விடும். முழுநேர ஆள் ஒன்று. பகுதிநேர ஆட்களை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் ஒன்று. ஆதாரம், மாநிலத்துக்கு நாங்கள் காலாண்டுதோறும் அனுப்பும் சம்பள அறிக்கை. அங்கே எல்லோரும் அதை 'என்.ஒய்.எஸ். 45' என்றுதான் சொல்வார்கள். அதில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார். இல்லாவிட்டால், கண் முன்னே நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாலும் எங்கள் கணக்கில் ஆள் இல்லை.

பெட்டி அடுக்குகிற இடத்தில்தான் சிக்கலே. ஆர்டர் குவியும் மாதங்களில் பேக்கிங் பிரிவில் பாதிப் பேர் ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆட்கள். எங்கள் கேன்டீனில்தான் சாப்பிடுவார்கள், எங்கள் பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் பெயர் ஏஜென்சியின் சம்பள அறிக்கையில் போகும். ஒரு வருஷம் ஓய்வு பெற்றவர்களும் விலகியவர்களுமாக எண்ணிக்கை மெல்ல இறங்கி, 90 சதவீதக் கோட்டை நெருங்கிவிட்டது. மாதாமாதம் இருந்த எண்ணிக்கையின் சராசரியைத்தான் நாங்கள் எழுத வேண்டும் என்பதால், டிசம்பரில் அவசரமாக நாலு பேரைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்ய முடியாது. ஏப்ரலிலேயே ஒரு தாளில் கோட்டைப் போட்டு ஹெச்.ஆர். மேனேஜரிடம் காட்டினேன்.

அவர் அந்தத் தாளோடு நேரே பேக்கிங் சூப்பர்வைசரிடம் போனார். மூன்றாண்டாக ஏஜென்சி மூலமே வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி உட்படச் சிலரை நிரந்தரமாக்கினார்கள். அந்தப் பெண்மணிக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தது. சூப்பர்வைசர் அதற்கு முன்பு பலமுறை கேட்டும் நடக்காத காரியம் அது. திட்டத்தைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம், நானும் சொல்லப் போகிறேன். ஆனால் ஒரு எண் நெருக்கியதால் ஒருவருக்குக் காப்பீடு கிடைத்ததை நான் நேரில் பார்த்தேன். அந்த எண் இல்லாவிட்டால் நல்லெண்ணம் மட்டும் அதைச் செய்திருக்காது.

இந்தச் சலுகைக்கு அந்தப் பகுதியில் நீண்ட கதை உண்டு. 1956 ஜூன் 7ஆம் தேதி நயாகராவில் ஷெல்காப்ஃப் நீர்மின் நிலையத்தின் பெரும்பகுதி பாறைச் சரிவோடு இடிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்தது. அதை நம்பி இருந்த ரசாயன, உலோக ஆலைகள் திகைத்து நின்றன. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் நயாகராவில் புதிய நிலையம் கட்ட பவர் அத்தாரிட்டிக்கு வழிவிட்டது. 1961இல் அது ஓடத் தொடங்கியது. மின்சாரத்தை இழந்த ஆலைகளுக்கு ஈடாக 445 மெகாவாட், விரிவாக்கத்துக்கு 250 மெகாவாட் என்று ஒதுக்கினார்கள். இன்றும் அந்த இரண்டும் பெரும்பாலும் நயாகரா நிலையத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் இருக்கும் தொழில்களுக்குத்தான். ஆக, அருவிக்குப் பக்கத்தில் ஆலை இருந்தால் மலிவாகக் கரண்ட் வேண்டும் என்பது அங்கே கிட்டத்தட்டப் பரம்பரை உரிமை. அதோடு வேலைக் கணக்கைக் கட்டிப்போட்டதில் தவறில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆறு பொதுச் சொத்து, யாரோ ஒருவர் கேட்கத்தானே வேண்டும்.

ரீசார்ஜுக்கு முன்னால் 1997இல் தொடங்கிய 'பவர் ஃபார் ஜாப்ஸ்' என்று ஒன்று இருந்தது. கடைசிக் காலத்தில் அதை ஆண்டுக்காண்டு நீட்டித்துக்கொண்டே போனார்கள். அடுத்த வருஷம் சலுகை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் எந்த முதலாளி புது ஃபர்னஸ் வாங்குவார்? எங்கள் ஆலையின் மூத்தவர்கள் அந்தக் காலத்தை எரிச்சலோடுதான் பேசுவார்கள். ஏழு ஆண்டு ஒப்பந்தம் என்பது அதற்கான பதில். தள்ளுபடி எவ்வளவு என்பதைவிட அது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் எங்கள் கூட்டங்களில் முதலில் வரும் கேள்வி.

சரி, குறைக்கு வருவோம். அந்த 455 மெகாவாட் நீர்மின்சாரம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன் அது நியூயார்க் மாநிலத்தின் வடக்கு, மேற்குப் பகுதிகளில் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் சலுகையாகப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்துத்தான் தொழில்களுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அதிர்ச்சி தெரியாமல் இருக்க முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கி, பிறகு 7 கோடி, 5 கோடி, அப்புறம் 3 கோடி என்று இறக்கினார்கள். எங்கள் ஃபர்னஸ் பிரிவில் ஒருவர் ஊருக்கு வெளியே கொஞ்சம் மாடுகள் வைத்திருந்தார். இந்த விவரத்தை நான் சொன்னபோது சிரித்தார். "என் வீட்டு பில்லிலிருந்து எடுத்து என் வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேலை போனால் இரண்டும் போச்சு." அந்தக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அடுத்தது, எத்தனை மெகாவாட்டுக்கு எத்தனை வேலை என்பது. புது ஒதுக்கீடு கேட்டு யார் வந்தாலும் அத்தாரிட்டி அதிகாரிகள் இந்த விகிதத்தைப் பழைய ஒதுக்கீடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற ஆலைக்கு அது சுமாராக வரும். டேட்டா சென்டர்களுக்கு வராது. 2009இல் பஃபலோவுக்குப் பக்கத்து ஊரான லாக்போர்ட்டில் யாஹூ டேட்டா சென்டருக்கு 15 மெகாவாட் நீர்மின்சாரம் ஒதுக்கினார்கள், எதிர்பார்த்த வேலைகள் 125. மெகாவாட்டுக்கு எட்டு சொச்சம். அப்போதே ஊரில் முணுமுணுப்பு. பிறகு கிரிப்டோ வந்தது, அதாவது பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களைக் கணினிகளை ஓடவிட்டு 'தோண்டி' எடுக்கும் தொழில். அது வேறு கதை, வேலை ஒப்பந்தமே இல்லாத கதை. மாநிலத்தின் வடகோடியில் பிளாட்ஸ்பர்க் நகராட்சிக்கு மலிவான நீர்மின்சாரம் 104 மெகாவாட் உண்டு. பிட்காயின்காரர்கள் வந்து இறங்கிய 2017-18 குளிர்காலத்தில் நகரம் அந்த அளவைத் தாண்டிவிட்டது. கூடுதலுக்கு வெளிச் சந்தையில் வாங்கியதால் வீட்டு பில்கள் எகிறின. 2018 மார்ச்சில் நகராட்சி புதிய கிரிப்டோ 'சுரங்கங்களுக்கு' 18 மாதத் தடை போட்டது. மலிவான மின்சாரத்தைப் பதிலுக்கு எதுவும் கேட்காமல் விட்டால் அதை யார் முதலில் வந்து எடுப்பார்கள் என்பதற்கு அதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதே வடக்கில் மசீனாவில் அல்கோவா அலுமினிய ஆலை நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. செயின்ட் லாரன்ஸ் நீர்மின்சாரம்தான் அதன் உயிர். 2015இல் அலுமினிய விலை விழுந்தபோது ஆலையில் அலுமினியம் உருக்கும் பகுதியை நிறுத்தப் போவதாக நிறுவனம் அறிவித்தது. சில வாரங்களில் மாநில அரசு ஏறத்தாழ 7 கோடி டாலர் உதவியோடு பேசி, சுமார் 600 வேலைகளைப் போகாமல் தக்கவைத்தது. மலிவான கரண்ட் மட்டும் அந்த ஆலையைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். உலகச் சந்தை விலை சரிந்தால் கரண்ட் சலுகை ஒரு தூண்தான், கூரை முழுவதையும் அது தாங்காது.

எங்கள் ஆலையில் அந்தச் சலுகை உண்மையில் எதை வாங்கியது என்று நான் யோசித்ததுண்டு. ஃபர்னஸில் சரக்கு ஏற்றுவதற்கு ரோபோ வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது. ரோபோ விற்பவர் காட்டிய தாளில் குறைகிற சம்பளம் மட்டும் இருந்தது. ஆலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இத்தனை ஆள் குறைந்தால் கரண்ட் ஒதுக்கீடு எவ்வளவு குறையும்?" என்று கேட்டார். கணக்குக்கு 100 வேலை எழுதிக் கொடுத்திருந்தால் 91 வரை ஒன்றும் ஆகாது, 89இல் கத்தி இறங்கலாம் என்று விளக்கினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரையும் அனுப்ப வேண்டாம், ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தை மட்டும் ரோபோவுக்கு விடலாம் என்றார். ரோபோ வந்தது, ஆனால் இரண்டாண்டு தாமதமாக. புதிய வேலைகளை இந்தத் திட்டம் உண்டாக்கியதா என்று கேட்டால் எங்கள் ஆலையைப் பொறுத்தவரை பெரிதாக இல்லை என்பேன். இருக்கிற வேலை போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வைத்தது. வேறு மாநிலத்துக்கு ஒரு லைனை மாற்றலாம் என்று பேச்சு எழுந்தபோதும் இதே கேள்விதான் குறுக்கே வந்தது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தப்படி குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை எனர்ஜி ஆடிட் செய்ய வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்க வேண்டும். அதே ஒப்பந்தத்தில், ஒதுக்கிய கரண்டைப் போதுமான அளவு பயன்படுத்தாவிட்டாலும் ஒதுக்கீடு குறையலாம். ஆடிட்டர் வந்து ஃபர்னஸ் இன்சுலேஷனை மாற்றச் சொன்னபோது எங்கள் ஃபைனான்ஸ் தலைவர், "மாற்றலாம், ரொம்ப நல்லா மாற்றிவிடாதீர்கள்" என்றார். பாதி கேலி, பாதி நிஜம்.

தமிழ்நாட்டிலும் பெரிய முதலீடுகளுக்கு மின்சார வரி விலக்கு தருகிறார்கள், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் வேலை எண்ணிக்கையும் இருக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது நியூயார்க்கின் ஒரு வழக்கம்: எந்த நிறுவனத்துக்கு எத்தனை கிலோவாட், பதிலுக்கு எத்தனை வேலை என்பதை மாநிலத்தின் திறந்த தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போட்டி நிறுவனம் எவ்வளவு எழுதிக் கொடுத்திருக்கிறது என்று எங்கள் ஆட்களே உட்கார்ந்து பார்ப்பார்கள். அடுத்த தெரு ஆலைக்காரர் எங்களுடையதைப் பார்க்காமலா இருப்பார்.

ஒப்பந்தம் முடிந்து நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது பெரிய சண்டையே எண்ணைப் பற்றித்தான். ஃபைனான்ஸ் தலைவர் குறைத்து எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தது குறைவாக இருந்தால் 90 சதவீதக் கோடு தூரத்தில் இருக்குமே. குறைத்தால் மெகாவாட் விகிதம் அடிவாங்கும், ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள் என்றேன் நான். முன்பெல்லாம் ஹெச்.ஆர். தனியாக ஒரு எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடும். இந்த முறை ஆலை மேனேஜரும் பேக்கிங் சூப்பர்வைசரும்கூட உட்கார்ந்தார்கள். அடுத்த ஏழாண்டில் யார் யார் ஓய்வு பெறுவார்கள், இன்னொரு ரோபோ வருமா, ஏஜென்சி ஆட்களில் எத்தனை பேரை உள்ளே எடுப்பது என்று பெயர் பெயராகப் போனோம். கடைசியில் ஃபைனான்ஸ் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட, ஹெச்.ஆர். கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு எண் வந்தது. அதைத்தான் எழுதி அனுப்பினோம்.